மோட்டிவேஷனுக்காகக் காத்திருக்காதீங்க: ஷிஃப்ட் வேலைக்கு நடுவுல வீட்டு உடற்பயிற்சி

இந்த எபிசோடுல நாம பேசப்போறது உடற்பயிற்சி பத்தி. ஜிம், டிரெய்னர், புரோட்டீன் பவுடர் எதுவும் இதுல கிடையாது. வீட்டுக்குள்ள, ஒரு பாய் விரிக்கிற இடத்துல, முதல் முறையா ஆரம்பிக்கிறவங்களுக்கான எபிசோடு இது. அதுலயும் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கிறோம்: ஆரம்பிச்சதை விடாம வெச்சுக்கிறது எப்படி?

எங்க புதுவாயல் பக்கம் இந்தக் கேள்வி ஒரு தனி வடிவத்துல வரும். "புரோ, ஒரு வாரம் ஒழுங்கா பண்றேன். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறுது, அதோட போச்சு. எனக்கு மோட்டிவேஷன் பத்தல போல." கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை செய்ற நண்பர்கள்கிட்ட பேசினா, பத்துல எட்டுப் பேர் இதையேதான் வேற வேற வார்த்தைல சொல்றாங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். உங்ககிட்ட மோட்டிவேஷன் போதுமான அளவு இருக்கு. இல்லன்னா முதல் வாரமே பண்ணியிருக்க மாட்டீங்க. நீங்க உடற்பயிற்சியைக் கடிகாரத்துல மாட்டி வெச்சிருக்கீங்க, அதுதான் சிக்கல். ஷிஃப்ட் வேலைல கடிகாரம் ஒரு நிலையான பொருளே கிடையாது. அதைக் கழட்டி, மாறாத ஒரு கொக்கியில மாட்டணும். அந்தக் கொக்கி எங்க இருக்கு, அதுல எதை மாட்டறது, எப்படி விழாம பாத்துக்கிறது, இதுதான் இன்னிக்கு விஷயம்.

ஏன் வீட்டுக்குள்ள?

வெளியூர்ல இருந்து கேக்கறவங்களுக்காக ஊரைப் பத்திக் கொஞ்சம். புதுவாயல், சென்னை-கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை மேலயே இருக்கிற ஊர். பெரியபாளையம் ரோடு இங்கதான் பிரியுது. தெற்கே கவரைப்பேட்டை, வடக்கே கும்மிடிப்பூண்டி. காலைல ரோட்டோரம் நின்னா ஒரு பக்கம் கம்பெனி பஸ், இன்னொரு பக்கம் காலேஜ் பஸ், நடுவுல டிரெய்லர் லாரி.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர்ல "நடப்போம் நலம் பெறுவோம்"னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல விஷயம்தான். ஆனா நெடுஞ்சாலையை ஒட்டி வாடகைக்கு இருக்கிறவருக்கு, ராத்திரி 11 மணிக்கு வேலை முடிஞ்சு வந்து இறங்கறவருக்கு, நடக்கிறதுக்கு இடம் எங்க இருக்கு? லாரி, புழுதி, இருட்டு, நாய். பெண்களுக்கு இதோட இன்னும் நாலு காரணம் சேரும். அதனாலதான் வீடு. வீட்டுக்குள்ள பண்றது ரெண்டாம் தரம் கிடையாது. நம்ம சூழ்நிலைக்கு அதுதான் நடக்கக்கூடியது.

"நாள் முழுக்க நின்னுக்கிட்டுத்தானே இருக்கோம்?"

இந்தக் கேள்வியை ஒதுக்கிட்டுப் போக முடியாது. எட்டு மணி நேரம் மெஷின் முன்னாடி நிக்கிறவர்கிட்ட போய் "உங்களுக்கு உடற்பயிற்சி வேணும்"னு சொன்னா கோவம்தான் வரும். வீட்டு வேலை மொத்தத்தையும் இழுத்துப் போட்டுச் செய்ற அம்மாக்களும் இதையேதான் கேப்பாங்க.

இதுக்கு விடை தேட ஒரு பழைய ஆய்வு உதவும். 1953-ல ஜெரி மாரிஸ்னு ஒரு பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் மாடி பஸ்கள்ல வேலை செய்தவங்களைப் பத்தின ஆய்வை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. டிரைவர் நாள் முழுக்க உக்காந்திருக்கார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கறார். டிரைவர்களைவிட கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கம்மியா இருந்தது. உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் இருக்கிற தொடர்பைத் தெளிவாக் காட்டின முதல் ஆய்வுகள்ல இது ஒண்ணு.

இதுல கவனிக்க வேண்டியது, கண்டக்டர் ஏறி இறங்கினார். ஒரே இடத்துல நிக்கல. இன்னிக்கு அசெம்பிளி லைன்லயோ பேக்கிங்லயோ நிக்கிறவரோட நிலைமை வேற. கால் வலிக்குது, இடுப்பு வலிக்குது, ஆனா மூச்சு வாங்கறதில்ல, இதயத் துடிப்பு ஏறி இறங்கறதில்ல. பாரம் தூக்கற வேலைல இருக்கிறவங்களைப் பத்தி டென்மார்க் ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்காங்க. வேலைல வர்ற உடல் உழைப்பும், நாமளா விரும்பிச் செய்ற உடற்பயிற்சியும் உடம்புக்கு ஒரே பலனைத் தர்றதில்லங்கிறது அவங்க வாதம். ஏன்னா வேலைல ஓய்வை நீங்க முடிவு பண்றதில்ல. ஒரே தசை, ஒரே கோணம், மணிக்கணக்கா ஓடுது. உடற்பயிற்சில எவ்வளவு, எப்போ நிறுத்தறதுன்னு முடிவு பண்றது நீங்க.

என்னை மாதிரி சாஃப்ட்வேர் ஆளுங்க கதை தெரிஞ்சதுதான். நாங்க அந்த லண்டன் டிரைவர் கட்சி. ஸ்டியரிங் கூடக் கிடையாது.

பணயமா என்ன இருக்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐ.சி.எம்.ஆர். நடத்தின 'இண்டியாப்' ஆய்வு ஒண்ணு இருக்கு. தமிழ்நாடு உட்பட நாலு பகுதிகள்ல, 14,000 பேருக்கு மேல விசாரிச்சு 2014-ல உடல் உழைப்பு பத்தின முடிவுகளை வெளியிட்டாங்க. 54.4 சதவீதம் பேர் போதுமான உடல் அசைவு இல்லாதவங்க. ஓய்வு நேரத்துல விளையாட்டு, நடை, உடற்பயிற்சின்னு ஏதாவது செய்றவங்க 10 சதவீதத்துக்கும் கீழ.

அதே ஆய்வோட 2023 முடிவுப்படி, இந்தியாவுல சர்க்கரை நோய் இருக்கிறவங்க சுமார் 10 கோடி பேர். இதோட, ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்றவங்களுக்கு சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு பல நாட்டு ஆய்வுகள் சொல்லியிருக்கு. தூக்கம் மாறுது, சாப்பாட்டு நேரம் மாறுது, உடம்போட உள்கடிகாரம் குழம்புது.

இதை பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. கம்பெனி மெடிக்கல் செக்கப்ல "பார்டர்ல இருக்கு"னு எழுதின ரிப்போர்ட்டை மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டுச் சுத்தற இருபத்தெட்டு, முப்பது வயசுப் பசங்க நம்ம நடுவுல இருக்காங்க. பார்டர்ங்கிறது நல்ல செய்தி. அங்கிருந்து திரும்பி வர முடியும். திரும்பற வழியில உடற்பயிற்சி ஒரு முக்கியமான படி.

எவ்வளவு வேணும்? உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன அளவு: பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, அதோட வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி. 150-ஐ ஏழால வகுத்தா நாளைக்கு இருபத்தியொரு நிமிஷம் சொச்சம். இன்னொரு நல்ல விஷயம், முன்னாடி "ஒரு தடவை பண்ணா குறைஞ்சது 10 நிமிஷம் தொடர்ந்து பண்ணணும்"னு ஒரு நிபந்தனை இருந்தது. 2020-ல அதை எடுத்துட்டாங்க. மூணு நிமிஷமும் கணக்குல சேரும்.

நாளைக்கு 10,000 அடி நடந்தாதான் உண்டுங்கிற பேச்சும் அப்படித்தான். அந்த எண் 1960-கள்ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியோட பேர்ல இருந்து பரவினது. மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன எல்லைக்கோடு கிடையாது. அதை எட்ட முடியலன்னு எதையும் விட வேண்டாம்.

மோட்டிவேஷன் வீடியோ ஏன் வேலை செய்றதில்ல?

2002-ல பிரிட்டன்ல மில்ன், ஆர்பெல், ஷீரன்னு மூணு பேர் ஒரு சோதனை வெளியிட்டாங்க. 248 கல்லூரி மாணவர்கள், மூணு குழு. கேள்வி எளிமையானது: வாரத்துல ஒரு தடவையாவது 20 நிமிஷம் நல்லா உடற்பயிற்சி பண்றீங்களா?

முதல் குழுவுக்கு எதுவும் சொல்லல. அதுல 38 சதவீதம் பேர் பண்ணாங்க. ரெண்டாவது குழுவுக்கு, உடற்பயிற்சி பண்ணலன்னா இதயத்துக்கு என்ன ஆகும்னு விளக்கற மோட்டிவேஷன் கையேடு கொடுத்தாங்க. அதைப் படிச்சதும் "கண்டிப்பா பண்ணணும்"ங்கிற எண்ணம் அவங்களுக்குக் கூடிச்சு. ஆனா நிஜமாவே பண்ணவங்க 35 சதவீதம்தான். மூணாவது குழுவுக்கு அதே கையேடு, அதோட ஒரே ஒரு வேலை கூடுதல்: எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்துல பண்ணப்போறீங்கன்னு எழுதித் தாங்க. அந்தக் குழுவுல பண்ணவங்க 91 சதவீதம்.

கையேடு மட்டும் படிச்சவங்களுக்கு ஆசை வந்தது, கால் நகரல. ஒரு வரி எழுதினவங்க எழுந்து பண்ணாங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மோட்டிவேஷன் ரீல்ஸ் பாத்துட்டு "நாளைல இருந்து வேற லெவல்"னு நினைச்சுத் தூங்கறோமே, அது ரெண்டாவது குழு.

ஆனா இந்தச் சோதனைலயும் நமக்கு ஒரு சிக்கல் இருக்கு. கல்லூரி மாணவருக்கு "செவ்வாய்க்கிழமை மாலை 5 மணி"ன்னு எழுத முடியும். ஷிஃப்ட் ஆளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை 5 மணிக்கு எங்க இருப்போம்னே சந்தேகம். முதல் ஷிஃப்டா இருந்தா வீட்டுல, ரெண்டாவது ஷிஃப்டா இருந்தா மெஷின் முன்னாடி, நைட்டா இருந்தா தூக்கத்துல இருந்து எழுந்த நேரம். நடுவுல ஓ.டி. வேற.

நேரத்தை விடுங்க, நிகழ்ச்சியைப் பிடிங்க

இங்க என் தொழில்ல இருந்து ஒரு விஷயத்தைக் கடன் வாங்கறேன். ஒரு புரோகிராமை ஓட வைக்க ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, "தினமும் காலை 6 மணிக்கு ஓடு"ன்னு நேரம் குறிக்கிறது. அதை க்ரான் ஜாப்னு சொல்வோம். இன்னொண்ணு, "இந்தச் சம்பவம் நடந்ததும் ஓடு"ன்னு சொல்றது. உதாரணமா, நீங்க பணம் அனுப்பினதும் உங்க போனுக்கு எஸ்.எம்.எஸ். வருது. அதுக்கு நேரம் குறிக்கல; அனுப்பற சம்பவமே அதைத் தூண்டுது. இதை ஈவண்ட் ட்ரிக்கர்னு சொல்வோம்.

எல்லாரும் உடற்பயிற்சியை க்ரான் ஜாப் மாதிரி வைக்கிறாங்க. "காலைல 5 மணிக்கு எழுந்து..." ஜெனரல் ஷிஃப்ட் ஆளுக்கு அது சரி. மூணு ஷிஃப்ட் ஆளுக்கு அது மாசத்துல ஒரு வாரம்தான் ஓடும்.

இப்போ உங்க நாளைக் கடிகாரம் இல்லாம பாருங்க. காலை 6 மணி ஷிஃப்டா இருந்தாலும், மதியம் 2 மணியா இருந்தாலும், ராத்திரி 10 மணியா இருந்தாலும், சில விஷயங்கள் அதே வரிசைல நடக்குது. பஸ் இறங்கறோம். வீட்டுக்கு வர்றோம். ஷூ கழட்டறோம். யூனிஃபார்ம் மாத்தறோம். குளிக்கிறோம். சாப்பிடறோம். நேரம் மாறுது, வரிசை மாறல.

அந்த வரிசைலதான் கொக்கி இருக்கு. நான் பரிந்துரைக்கிறது யூனிஃபார்ம் கழட்டறதுக்கும் குளிக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. அதுக்கு மூணு காரணம். ஒண்ணு, அது எல்லா ஷிஃப்ட்லயும் வருது. ரெண்டு, எப்படியும் குளிக்கப் போறோம், அதனால வியர்வை ஒரு சாக்கு இல்ல. மூணு, இன்னும் உக்காரல. ஒரு தடவை சாய்ஞ்சு உக்காந்து போனைக் கையில எடுத்துட்டா, அங்கிருந்து எழறதுக்குத்தான் பெரிய மோட்டிவேஷன் வேணும்.

வீட்டுல இருக்கிற பெண்களுக்குக் கொக்கி வேற இடத்துல இருக்கும். பசங்களை ஸ்கூல் வேன்ல ஏத்திட்டு வந்து கதவைச் சாத்தற அந்த நிமிஷம். இல்ல, குக்கர் வெச்சு முதல் விசில் வர்ற வரைக்கும். "நேரம் கிடைக்கும்போது பண்றேன்"னு வெச்சா கிடைக்காது. கிடைக்கிற நேரத்துக்கெல்லாம் வீட்டுல வேற ஒரு வேலை ஏற்கெனவே வரிசைல நிக்கும்.

ஒரே ரூம்ல நாலு பேரா தங்கியிருக்கிற பசங்களுக்கு இன்னொரு சிக்கல்: ஒருத்தர் தூங்கறப்போ இன்னொருத்தர் வர்றார். அதுக்குத்தான் சத்தம் வராத பயிற்சிகளா எடுத்திருக்கேன். குதிக்கிறது எதுவும் கிடையாது. கீழ் வீட்டு ஓனர்கிட்டயும் பேச்சு வாங்க வேண்டாம்.

அந்தக் கொக்கியில எதை மாட்டறது?

முதல் ரெண்டு வாரம் மொத்தமே அஞ்சு நிமிஷம். நாலு பயிற்சி.

ஒண்ணு, நாற்காலி எழுச்சி. நாற்காலியிலயோ கட்டில் ஓரத்துலயோ உக்காந்து, கையை ஊனாம எழுந்து, மெதுவா உக்காருங்க. பத்து தடவை. இது சுலபமானதும் நாற்காலியை எடுத்துட்டா அது பஸ்கி. காதைப் பிடிச்சுக்கிட்டா தோப்புக்கரணம். பிள்ளையார் கோவில்ல சின்ன வயசுலயே எல்லாரும் பண்ணதுதான். புதுசா கத்துக்க எதுவும் இல்ல.

ரெண்டு, சுவர் தண்டால். சுவர்ல இருந்து ரெண்டடி தள்ளி நின்னு, ரெண்டு கையையும் சுவர்ல ஊனி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவர்கிட்ட கொண்டுபோய்த் தள்ளுங்க. எட்டு தடவை. தரையில ஒரு தண்டால் கூட எடுக்க முடியாதவங்களுக்கு இதுதான் முதல் படி. அடுத்தது கட்டில் ஓரம் இல்லன்னா படிக்கட்டு, அதுக்கப்புறம் தரை. கை ஊனற இடம் தாழத் தாழ பயிற்சி கஷ்டமாகும். அவ்வளவுதான் தத்துவம்.

மூணு, இடுப்புத் தூக்கல். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில ஊனி, இடுப்பை மட்டும் மேல தூக்கி, ரெண்டு எண்ணி இறக்குங்க. பத்து தடவை. நாள் முழுக்க நிக்கிறவங்களுக்கும் நாள் முழுக்க உக்காந்திருக்கிறவங்களுக்கும் இடுப்புக்குப் பின்னாடி இருக்கிற தசைக்கு இது நல்ல வேலை.

நாலு, நின்ன இடத்துலயே நடை. முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தி, கையை வீசி, ஒரு நிமிஷம்.

எவ்வளவு வேகம்? பண்றப்போ பேச முடியணும், பாட்டுப் பாட முடியக்கூடாது. மிதமான உடற்பயிற்சிக்கு அதுதான் கைவசம் இருக்கிற அளவுகோல்.

மூணாவது வாரத்துல இருந்து இதே நாலையும் ரெண்டு சுற்று. ஆறாவது வாரத்துக்கு அப்புறம் மூணு சுற்று, ஒரு கையில ஒரு லிட்டர் தண்ணி பாட்டில். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ, டம்பெல் வாங்க வேண்டாம். நாளைக்கு பதினஞ்சு நிமிஷம்னா வாரத்துக்கு நூத்தி அஞ்சு. அதோட பஸ் ஸ்டாப்புக்கு வேகமா நடக்கிறதைச் சேர்த்தா 150 தூரத்துல இல்ல.

உடம்பு வலியும் வெயிட் மெஷினும்

முதல் வாரத்துல ரெண்டு விஷயம் உங்களைக் கவிழ்க்கப் பார்க்கும்.

முதலாவது, வலி. புதுசா ஆரம்பிச்சா அடுத்த நாள்ல இருந்து ஒண்ணுல இருந்து மூணு நாள் வரைக்கும் தசை வலி உச்சத்துல இருக்கும். படி இறங்கறப்போ தொடை பிடிக்கும். அது தசை பழகறதோட அடையாளம், அடிபட்டதோட அடையாளம் இல்ல. தானா குறையும். அந்த நாட்கள்ல முழுசா நிறுத்தாம, எண்ணிக்கையைப் பாதியாக்கிப் பண்ணுங்க. ஆனா மூட்டுல குத்தற மாதிரி வலி, வீக்கம் இருந்தா நிறுத்திடுங்க. அது வேற.

ரெண்டாவது, வெயிட் மெஷின். ரெண்டு வாரம் பண்ணிட்டு மெஷின்ல ஏறினா பெரும்பாலும் முள் அதே இடத்துல நிக்கும். எடை பெரும்பாலும் சாப்பாட்டுக் கணக்கு. பயிற்சியோட பலனை எடையில தேடினா ஏமாற்றம்தான் மிஞ்சும். அதுக்குப் பதிலா எண்ணிக்கையைப் பாருங்க. முதல் நாள் எட்டு தண்டால், இருபதாவது நாள் பதினாலு. இது பொய் சொல்லாத எண். மாடிப்படி ஏறறப்போ மூச்சு வாங்கறது குறையுதான்னு பாருங்க. எடையைவிட முன்னாடி மாறுறது இதுங்கதான்.

ஒரு நாள் விட்டுப்போனா?

21 நாள் பண்ணா பழக்கம் ஆயிடும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலியும் அவங்க கூட இருந்தவங்களும் 96 பேரை 12 வாரம் கவனிச்சாங்க. ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் பழக ஆன காலம், நடுத்தரமா 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசப்பட்டது. சாப்பாடு, தண்ணி மாதிரி சின்னப் பழக்கங்களைவிட உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் ஆச்சு.

அதனால 21-வது நாள்ல இன்னும் கஷ்டமா இருந்தா உங்ககிட்ட குறை இருக்குன்னு அர்த்தம் இல்ல. பாதி வழிகூட வரல, அவ்வளவுதான்.

அதே ஆய்வுல இன்னொரு முக்கியமான முடிவு: நடுவுல ஒரு நாள் விட்டுப்போறது பழக்கம் உருவாகறதைப் பெருசா பாதிக்கல. ஓ.டி. பார்த்த நாள், மாமா வீட்டு விசேஷம், காய்ச்சல், எல்லாம் வரும். ஒரு நாள் விட்டா ஒண்ணும் குடி முழுகாது. "சங்கிலி அறுந்துபோச்சு, இனி அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி"ன்னு விடறோமே, ஆபத்து அங்கதான்.

என் யோசனை, ஒரு அவசர அளவு வெச்சுக்கோங்க. சர்வர்ல லோடு அதிகமானா முழுசா நிறுத்தாம, முக்கியமானதை மட்டும் ஓடவிடுவோம். அது மாதிரி, எவ்வளவு களைப்பா இருந்தாலும் பண்ணக்கூடிய ஒண்ணு. அஞ்சு தோப்புக்கரணம், அவ்வளவுதான். முப்பது விநாடி. அதுல உடம்புக்குப் பெரிய லாபம் இல்ல. ஆனா கொக்கி துருப்பிடிக்காம இருக்கும். நைட் ஷிஃப்ட் வாரம் முழுக்க இந்த அவசர அளவுதான் வெச்சுக்கோங்கன்னே சொல்வேன். அந்த வாரம் முதல் தேவை தூக்கம். தூங்கப் போறதுக்கு முன்னாடி உடம்பை ரொம்பச் சூடாக்க வேண்டாம்.

குறிச்சு வைக்க ஆப் வேண்டாம். மளிகைக் கடைல கொடுக்கிற மாதக் காலண்டர் போதும். பண்ண நாள்ல ஒரு கோடு. அவசர அளவு மட்டும் பண்ணா ஒரு புள்ளி. விட்டா வெத்துக் கட்டம். ஒரே விதி: அடுத்தடுத்து ரெண்டு வெத்துக் கட்டம் வரக்கூடாது. ரூம்ல எல்லார் கண்ணுலயும் படற இடத்துல மாட்டுங்க. கிண்டல் பண்றவரே பத்து நாள்ல "எனக்கும் ஒரு கலர் பேனா கொடு"ன்னு வர்றதுக்கு வாய்ப்பிருக்கு. துணைக்கு ஒரு ஆள் கிடைச்சா அது எந்த வீடியோவைவிடவும் பெரிய பலம்.

எச்சரிக்கை சில

நடக்கறப்போ நெஞ்சு அழுத்தம், தலைசுத்தல், ஏற்கெனவே பி.பி., சர்க்கரை, இதயப் பிரச்சினைக்கு மாத்திரை எடுக்கிறவங்க, கர்ப்பிணிகள், சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு தடவை காட்டிட்டு ஆரம்பிங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா, 2021-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு தேடி வர்றவங்ககிட்ட கேளுங்க, பி.பி., சர்க்கரை மாத்திரையோட இயன்முறை சிகிச்சையும் அந்தத் திட்டத்துல உண்டு. இன்சுலின் போடறவங்க வெறும் வயித்துல பண்ணக்கூடாது.

உலை, ஃபவுண்டரி, ரோலிங் மில் பக்கம் வேலை செய்றவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. நீங்க ஷிஃப்ட் முடிச்சு வர்றப்போ உடம்புல தண்ணி ஏற்கெனவே குறைஞ்சிருக்கும். முதல்ல தண்ணியோ மோரோ குடிச்சு, ஃபேன் கீழ பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஆறுங்க. உங்களுக்குக் கொக்கி, "மோர் குடிச்ச டம்ளரைக் கழுவி வெச்சதும்"னு இருக்கட்டும். அக்னி நட்சத்திர சமயத்துல ஷீட் போட்ட வீட்டுல மதியம் பண்ண வேண்டாம். அந்த நாட்கள்ல ராத்திரி குளியலுக்கு முன்னாடி மாத்திக்கோங்க.

இன்னிக்கே பண்ண வேண்டிய ஒரு வேலை

இந்த எபிசோடை முடிச்சதும் உடற்பயிற்சி ஆரம்பிக்க வேண்டாம். ஒரு வரி மட்டும் எழுதுங்க. காலண்டர் ஓரத்துல, பேனாவுல.

"நான் ______ முடிச்சதும், ______ இடத்துல, ______ தடவை ______ பண்ணுவேன்."

ஒரு உதாரணம்: "நான் யூனிஃபார்மை ஆணியில மாட்டினதும், கட்டில் பக்கத்துல, பத்து தடவை உக்காந்து எழுவேன்."

எழுதறப்போ ஒண்ணு பாத்துக்கோங்க. முதல் இடத்துல கடிகார நேரம் வரக்கூடாது. மூணு ஷிஃப்ட்லயும் தவறாம நடக்கிற ஒரு செயல் வரணும். அப்படி ஒண்ணு கண்டுபிடிச்சிட்டா, நாளைக்குச் சாயங்காலம் மோட்டிவேஷன் வருமா வராதான்னு யோசிக்கிற வேலையே இருக்காது. ஆசை பல நாள், பண்ண ஆரம்பிச்ச ரெண்டு நிமிஷத்துக்கு அப்புறம்தான் வருது.

உங்க வரியை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. எந்த ஷிஃப்ட், எது கொக்கின்னு மட்டும் சொன்னா போதும், பேர் வேண்டாம். நல்லா வேலை செய்ற கொக்கிகளை அடுத்த எபிசோடுல வரிசையா வாசிச்சிடலாம். நைட் ஷிஃப்ட்ல இருந்து இதைக் கேட்டுக்கிட்டு பஸ்ல வர்றவங்களுக்கு, நல்லா தூங்குங்க.